“எனக்கு” என்று தொடங்கிப் பேசுவோம்

(பெல்மதுளைப் பகுதித் தோட்டமொன்றின் பிள்ளைப் பராமரிப்பு நிலையத்தில் நடந்த குடும்பக் கூட்டத்தில் எமது நலன்புரிக் குழுவினர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



மலையிலிருந்து இறங்கி, கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டு, வீட்டுப் பக்கம்கூடப் போகாமல் நேரே இங்கு வந்து உட்கார்ந்திருக்கும் அம்மாமாரைப் பார்க்கிறோம். கால் கடுக்கும் என்று தெரியும். தேத்தண்ணி வந்துகொண்டிருக்கிறது. குடித்துக்கொண்டே கேளுங்கள்.

வழக்கமாக இந்தக் கூட்டங்களில் குடிதண்ணீர், மலசலகூடம், பிள்ளைகளின் நிறை, கர்ப்பிணித் தாய்மாரின் போசாக்கு என்றுதான் பேசுவோம். இன்றைக்கு வாயிலிருந்து வருகிற பேச்சைப் பற்றிப் பேசப் போகிறோம். “அதென்னா, பேச்சப் பத்தி ஒரு பேச்சா?” என்று முன்னால் இருக்கும் ஓர் அக்கா சிரிக்கிறார். சிரியுங்கள் அக்கா. ஆனால் நம் லயங்களில் சட்டி உடைவதும், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகாமல் நிற்பதும், சில வீடுகளில் அதைவிடப் பெரிய ஆபத்து வருவதும் பலநாள் ஒரு சொல்லிலிருந்துதான் ஆரம்பிக்கிறது.

ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். எந்த வீடு என்று தேட வேண்டாம். நாங்கள் ஒரு வீட்டையும் சொல்லவில்லை, எல்லா வீட்டிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துச் சொல்கிறோம். புருஷன் பால் வெட்டுகிறவர். மனைவி கொழுந்து பறிக்கிறவர். நம் பக்கத்தில் தேயிலையும் ரப்பரும் அக்கம்பக்கமாக இருப்பதால் இப்படிப்பட்ட வீடுகள் நிறைய உண்டு. வைகாசி, ஆனியில் மழை பிடித்துக்கொண்டால் என்ன நடக்கும்? மரத்துப் பட்டை நனைந்துவிட்டால் பால் வெட்ட முடியாது. வெட்டினாலும் பால் சிரட்டையில் விழாமல் பட்டையெல்லாம் வழிந்து மழைத் தண்ணியோடு போய்விடும். அன்றைக்கு வேலை இல்லை, பேரும் இல்லை. தேயிலை அப்படியல்ல, மழை விழ விழத் துளிர்க்கிற செடி அது. ஆகவே மனைவி படங்கைக் கட்டிக்கொண்டு மலைக்குப் போகிறாள். புருஷன் இஸ்தோப்பில் குந்தியிருக்கிறார்.

பொழுது சாய்கிறது. அவள் வருகிறாள். உடம்பு முழுக்க ஈரம், காலில் அட்டைக் கடி. கொழுந்து ஈரம் என்று தராசடியில் தண்ணிக்கு வேறு கிலோ கழித்துவிட்டார்கள். வந்து பார்த்தால் அடுப்பு எரியவில்லை. பிள்ளை மூக்கு ஒழுக நிற்கிறது. வாசலிலேயே ஆரம்பிக்கிறது:

“நாள் பூரா குந்திக்கிட்டுத்தானே இருந்தீங்க. ஒரு ஒல வைக்கத் தெரியாதா? நீங்கெல்லாம் ஒரு ஆம்பளயா?”

“ரெண்டு நாளு சம்பாரிச்சோன வாய் நீளுதா? ஒங்கம்மா வளத்த வளப்பு அப்படி.”

அவ்வளவுதான். இனி அடுப்பைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசப் போவதில்லை. அவள் அம்மா வருவார், இவர் அம்மா வருவார், கல்யாணத்துக்குப் போடாத கம்மல் வரும், ஆறு வருஷத்துக்கு முன்னால் ஏமாந்துபோன சீட்டுக் காசு வரும். லயத்துச் சுவர் மெல்லிய சுவர். பக்கத்துக் காம்பராவில் ரேடியோவைக் குறைத்துவிட்டுக் கேட்பார்கள். கடைசியில் புருஷன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே இறங்குவார். எங்கே போவார் என்று நாங்கள் சொல்லத் தேவையில்லை. திரும்பி வரும்போது என்ன நடக்கும் என்பதும் உங்களுக்குத் தெரியும்.

இப்போது கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். அந்தப் பெண்ணுக்கு மனதில் என்ன இருந்தது? குளிர் இருந்தது, களைப்பு இருந்தது. கிலோ வெட்டின ஆத்திரம் இருந்தது. அதற்குக் கணக்கப்பிள்ளையிடம் வாய் திறக்காமல் வந்த வயிற்றெரிச்சல் இருந்தது. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் நாளை மலைக்குப் போக முடியாதே என்ற பயமும் இருந்தது. இதில் ஒன்றையாவது அவள் சொன்னாளா? இல்லை. ஆம்பளையா என்று கேட்டாள்.

அந்த மனிதருக்கு என்ன இருந்தது? காலையிலிருந்து அவரைத் தின்றுகொண்டிருந்தது வெட்கம். பெண்சாதி மழையில் போகிறாள், நாம் வீட்டில் இருக்கிறோம் என்ற வெட்கம். அந்த வெட்கம் அவருக்கே சரியாகத் தெரிந்திருக்காது. ஆம்பிளைகளுக்கு நாம் சின்ன வயதிலிருந்தே கோபம் ஒன்றைத்தான் வெளியே காட்டப் பழக்கியிருக்கிறோம். பயம் வந்தாலும் கோபமாக வருகிறது, வெட்கம் வந்தாலும் கோபமாக வருகிறது. அவர் தன் வெட்கத்தைச் சொல்லவில்லை. மாமியாருடைய வளர்ப்பைச் சொன்னார்.

இரண்டு பேரும் மனதில் இருந்ததைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்கள்.

அதே வாசல், அதே மழை. வேறு மாதிரிச் சொல்லிப் பார்ப்போம்.

“மழையில நனஞ்சு ஒடம்பெல்லாம் வெறைக்குதுங்க. வந்து பாக்கிறப்ப அடுப்பும் எரியல, எனக்கு அழுகையே வந்திருச்சு. நாளைக்கு நான் வர்றதுக்குள்ள ஒலய வச்சிருவீங்களா?”

இதில் என்ன இருக்கிறது? கண்ணால் கண்டது இருக்கிறது: அடுப்பு எரியவில்லை. அதை அவரால் மறுக்க முடியாது, அடுப்பு அங்கேதான் இருக்கிறது. தனக்கு வந்தது இருக்கிறது: அழுகை. வேண்டியது இருக்கிறது: நாளைக்கு உலை. அவர் எப்படிப்பட்ட மனிதர் என்ற தீர்ப்பு மட்டும் இதில் இல்லை. தீர்ப்புச் சொன்னால் கேட்கிறவர் வழக்காடத்தான் செய்வார். வழக்காடுகிறவர் எங்கே உலை வைக்கப் போகிறார்?

அவர் என்ன சொல்லலாம்? “நீ மழையில போறதப் பாக்க எனக்கு என்னமோ மாதிரி இருந்திச்சு புள்ள. பேரு விழாம வீட்டுல குந்தியிருக்க வெக்கமா இருக்கு.” இதைச் சொல்வது, அவள் சொன்னதைவிடப் பத்து மடங்கு கஷ்டம் என்பதை நாங்கள் ஒத்துக்கொள்கிறோம். எங்கள் குழுவிலுள்ள ஆண்கள் வீட்டில் போய்ச் சொல்லிப் பார்த்தார்கள். முதல் நாள் வாய் வரவில்லை.

இப்போது ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். நம் தமிழில் பசி வருது என்கிறோம், தூக்கம் வருது என்கிறோம், காய்ச்சல் வருது என்கிறோம். அதே மாதிரித்தான் கோபம் வருது, அழுகை வருது, பயம் வருது என்றும் சொல்கிறோம். யாருக்கு வருது? “எனக்கு.” பசி வந்தவன் அடுத்தவனைக் குற்றவாளி ஆக்குவதில்லை, பசிக்குது என்று சொல்லிச் சோறு கேட்கிறான். கோபம் வந்தால் மட்டும் “ஒன்னாலதான்” என்று விரலை நீட்டுகிறோம். வந்தது எனக்கு. வந்தது போகவும் செய்யும். ஆத்தா அப்பன் காலத்திலிருந்து நம் வாயில் இருக்கிற சொல்தான் இது. புதிதாகப் படிக்க வேண்டியதில்லை.

மேல்நாட்டிலும் இதற்கு வகுப்பு வைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். தோமஸ் கோர்டன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1962 இல் பெற்றோருக்காக வகுப்புகளை ஆரம்பித்தார். 1970 இல் அது புத்தகமாகவும் வந்தது. பிள்ளையிடம் “நீ இப்படி, நீ அப்படி” என்று ஆரம்பிக்கிற பேச்சை விட்டுவிட்டு, “நான்” என்று தன்னைச் சொல்லும் பேச்சைப் பழகுங்கள் என்பது அவருடைய பாடம். அவர்களுடைய பாஷைக்கு “நான்” சரி. நமக்கு “நான்” என்று ஆரம்பித்தால் “நான் யாரு தெரியுமா?” என்று போய்விடும். நமக்குப் பொருந்துவது “எனக்கு” தான் என்பது எங்கள் அபிப்பிராயம்.

ஆனால் இதிலும் ஒரு கள்ளம் உண்டு. “எனக்கு என்னமோ நீங்க சோம்பேறின்னுதான் தோணுது” என்றால் அது “எனக்கு” பேச்சு ஆகிவிடுமா? ஆகாது. அது உறையில் போட்ட கத்தி. அதே மாதிரி “எப்பவும்”, “ஒரு நாளும்”, “ஒங்க வீட்டாளுங்க” என்று வாயில் வந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். “ஒரு நாளும் ஒல வச்சதில்ல” என்றால், தீபாவளிக்கு முந்தின நாள் வைத்ததை அவர் கட்டாயம் ஞாபகப்படுத்துவார்.

இன்னொன்று நம் லயங்களுக்கே சொந்தமான கலை. சாடை பேசுவது. மருமகள் வாசல் கூட்டவில்லை. மாமியார் மருமகளை ஒன்றும் சொல்லமாட்டார். வாசலில் மேய்கிற கோழியைப் பிடித்துக்கொள்வார். “திங்க மட்டும் தெரியுது, ஒனக்கு வேற என்னா தெரியும், எங்கேருந்துதான் வந்து சேந்துச்சோ!” கோழி பாவம், ஒன்றும் விளங்காமல் நிற்கும். உள்ளே சட்டி டமார் என்று விழும். அது மருமகளுடைய பதில். அப்புறம் மூன்று நாளைக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. “பாட்டியச் சாப்பிடச் சொல்லு”, “அம்மாகிட்ட எனக்கு வேணாம்னு சொல்லு” என்று நாலு வயதுப் பிள்ளை தபால்காரன் வேலை பார்க்கும்.

சிரிக்கிறீர்கள். எங்கள் வீட்டிலும் அந்தக் கோழி இருக்கிறது. ஆனால் அந்த மாமியாரின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். நாற்பது வருஷம் மலைக்குப் போனவர். இப்போது பென்ஷன் இல்லை. சேமலாப நிதிக் காசு மகள் கல்யாணத்தோடு போயிற்று. காலையில் எல்லாரும் பெரட்டுக்குப் போனபின் காம்பராவில் தனியாக இருக்கிறார். வாசல் கூட்டாததா அவருக்கு நோவு? “காலையில போறப்ப ஒரு வார்த்த சொல்லாமப் போறீங்க, எனக்கு நான் இங்க இருக்கேனா இல்லையான்னே தெரியாத மாதிரி இருக்கு” என்பதுதான் உள்ளே கிடக்கிற சங்கதி. அதை நேரே சொன்னால் மருமகள் என்ன, மருமகளைப் பெற்றவளே கண்கலங்குவாள்.

பக்கத்தில் இருக்கிறவருக்கே இப்படி என்றால், தூரத்தில் இருக்கிறவருக்கு வெறும் பேச்சு மட்டும்தான் போய்ச் சேர்கிறது. நம் பிள்ளைகள் கொழும்புக் கடைகளில் நிற்கிறார்கள். மகள்மார், மனைவிமார் சவூதி, குவைத் போயிருக்கிறார்கள். கிழமைக்கு ஒரு தரம் போன் வருகிறது. அம்மா எடுத்தவுடன் என்ன சொல்கிறார்? “எங்கள மறந்திட்ட இல்ல. பட்டணத்துக்குப் போனோன பெரிய ஆளாயிட்ட.” அந்தப் பையன் காலையிலிருந்து ராத்திரி வரை மூட்டை தூக்கிவிட்டு, கடைக்குப் பின்னால் நின்று போன் பேசுகிறான். அடுத்த கிழமை போன் எடுக்கவே யோசிப்பான். எடுக்காவிட்டால் அம்மா சொன்னது நிஜமாகிவிடும். “ஒங் கொரலக் கேக்காம எனக்குச் சோறு எறங்கலப்பா” என்று சொல்லுங்கள். அவன் எடுப்பான்.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு தூரம் வந்து சொல்கிறோம்? 1995 ஆம் ஆண்டில் நம் இலங்கையில் இலட்சம் பேருக்கு ஏறக்குறைய 47 பேர் தங்கள் உயிரைத் தாங்களே மாய்த்துக்கொண்டார்கள். உலகத்திலேயே மிக அதிகமான நாடுகளில் ஒன்றாக அன்று நாம் இருந்தோம். மிகக் கொடிய பூச்சிகொல்லி மருந்துகளை அரசாங்கம் 1995 இலும் 1998 இலும் தடைசெய்தது. 2008 முதல் 2011 வரை இன்னும் சிலவற்றை நிறுத்தியது. 2005 ஆகும்போதே அந்தத் தொகை பாதியாகக் குறைந்துவிட்டது. சனங்கள் மாறவில்லை. சண்டையும் நிற்கவில்லை. கைக்கெட்டும் தூரத்திலிருந்த நஞ்சு குறைந்தது, அத்தனை உயிர் பிழைத்தது.

அனுராதபுரம், பொலன்னறுவைப் பக்கத்து வைத்தியசாலைகளில், இப்படி வந்து பிழைத்தவர்களிடம் வைத்தியர்கள் விசாரித்தார்கள். பாதிக்கு மேற்பட்டவர்கள் அரை மணித்தியாலம்கூட யோசிக்கவில்லை என்று தெரிந்தது. அரை மணித்தியாலம்! ஒரு பானைச் சோறு வேகிற நேரம். அவர்கள் எல்லாரும் சாக வேண்டும் என்று நாள்கணக்கில் தீர்மானித்தவர்கள் அல்லர். தாங்க முடியாத ஒன்றைச் சொல்லச் சொல் கிடைக்காதவர்களும் அவர்களில் இருந்திருப்பார்கள் என்று நாங்கள் நினைக்கிறோம்.

ஆகவே வீட்டில் யாராவது “நான் இருந்து என்னா பிரயோசனம்” என்று சொன்னால், “சும்மா மெரட்டாத” என்று சொல்லாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். “ஒனக்கு என்னா செய்யுது?” என்று கேளுங்கள். தனியே விடாதீர்கள். களைநாசினி, பூச்சிமருந்து எதையும் காம்பராவில் வைக்க வேண்டாம். 1926 என்ற இலக்கத்துக்குப் போன் செய்தால் தேசிய மனநல நிறுவனத்தின் ஆட்கள் பேசுவார்கள். 1974 இலிருந்து சுமித்ரயோ என்ற அமைப்பும் மனம் நொந்தவர்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டுவருகிறது. டிஸ்பென்சரியில் சொன்னாலும் வழிகாட்டுவார்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் எங்கள் பேச்சைத் தப்பாக எடுத்துக்கொள்வீர்கள். அடிக்கிறவனிடம் “எனக்கு வலிக்குதுங்க” என்று பதமாகப் பேசிக்கொண்டிருங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. அவனுக்கு வலிக்கும் என்று தெரியும். அடி விழுகிற வீட்டில் பேச்சுப் பழக்கம் வேலை செய்யாது. அங்கே முதலில் வேண்டியது பாதுகாப்பு. 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் அதற்காகத்தான் இருக்கிறது. நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். உங்கள் சார்பில் பொலிஸாரும் கேட்கலாம். உடனடியாக இடைக்காலக் கட்டளையும், அதன்பின் 12 மாதம் வரைக்குமான கட்டளையும் கிடைக்க வழி உண்டு. உடம்பில் அடிப்பதை மட்டுமல்ல, தொடர்ந்து மனதைக் கொடுமைப்படுத்துவதையும் அந்தச் சட்டம் வன்முறை என்றே சொல்கிறது. பெண்களுக்கான உதவி இலக்கம் 1938.

அதே மாதிரி, இது துரைமாருக்கும் கங்காணிமாருக்கும் முன்னால் குனிந்து பேசப் பழக்குகிற பாடமும் அல்ல. கிலோ அநியாயமாக வெட்டினால் அது உங்கள் மனக்கஷ்டம் இல்லை, கணக்கு. கணக்கைக் கணக்காகவே, தலைவர் மூலமாகவோ கூட்டாகவோ கேளுங்கள். 1984 இல் ஆண் பெண் இருவருக்கும் தோட்டத்தில் சமசம்பளம் வந்ததே, அது யாரும் தம் மனத்தாங்கலைப் பதமாகச் சொல்லி வந்ததல்ல. வேலைநிறுத்தம் செய்து வந்தது. நாங்கள் சொல்ல வருவது இதுதான்: தராசடியில் கேட்க வேண்டியதை அங்கே கேட்காமல் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்து, குந்தியிருக்கிற மனுஷன் தலையில் இறக்க வேண்டாம்.

உரை முடிந்தபின் சிலர் கேள்வி கேட்டார்கள். அவற்றையும் சேர்த்து எழுதுகிறோம்.

ஒரு தம்பி கேட்டார்: “இப்படியெல்லாம் பேசினா பொண்டாட்டிக்குப் பயந்தவன்னு லயத்துல சிரிப்பாங்களே?” நாங்கள் சொன்னோம்: சிரிப்பார்கள்தான். அதனால் சுவர் கேட்கிற மாதிரிப் பேச வேண்டாம். பிள்ளைகள் தூங்கினபின் இஸ்தோப்பில் உட்கார்ந்து பேசுங்கள். போதையில் இருக்கும்போது வேண்டாம், பசியோடு இருக்கும்போதும் வேண்டாம். முதலில் தேத்தண்ணி, அப்புறம் பேச்சு.

ஓர் அம்மா கேட்டார்: “நான் நல்லபடியாத்தான் சொல்றேன், அந்த ஆளு காதுலயே வாங்கலன்னா என்னா பண்றது?” ஒருநாள் சொன்னால் வாங்கமாட்டார்தான். இத்தனை வருஷம் ஏச்சு வாங்கின காது, நல்ல பேச்சு வந்தாலும் ஏச்சு என்றே நினைத்து அடைத்துக்கொள்ளும். அவர் எதற்காவது “எனக்கு” என்று வாய் திறக்கிற நாளில் நீங்கள் குறுக்கே விழாமல் கேட்டுப் பாருங்கள். பதில் சொல்லக்கூட வேண்டாம், “ம்” போட்டால் போதும். நாலைந்து தரம் செய்தும் ஒன்றும் ஆகாவிட்டால் எங்களிடம் வாருங்கள், இரண்டு பேரோடும் தனித்தனியே பேசுவோம்.

கடைசியாக, பின்வரிசையில் அதுவரை பேசாமல் இருந்த ஒரு பெரியவர் எழுந்தார். பால் வெட்டுகிறவர். “மழை நாளில ஒல வைக்கிறதப் பத்திச் சொன்னீங்க,” என்றார். “எனக்கு அரிசி எவ்வளவு போடணும்னே தெரியாதுங்க. கேட்டா சிரிப்பாளோன்னு முப்பது வருஷமாக் கேட்கல.” அவருடைய மனைவி இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்தார். திரும்பிப் பார்த்து, “ரெண்டு சுண்டு போடுங்க,” என்றார். கூட்டம் முழுக்கச் சிரித்தது. அவரும் சிரித்தார்.

அடுத்த கூட்டம் எப்போது என்று பெரட்டில் அறிவிப்போம். சம்பள நாளன்று வைக்கமாட்டோம். அன்றைக்கு வைத்தால் எங்களைத் தவிர யாரும் இருக்கமாட்டீர்கள்.